விலைவாசி உயரும்போது நோயாளியின் உணவு: சிக்கனமாக வாங்கவும் சத்துக் குறையாமல் சமைக்கவும்

மளிகை, காய்கறி, எண்ணெய் ஆகியவற்றின் விலை உயரும்போது ஒவ்வொரு குடும்பமும் எதையேனும் குறைக்கிறது. பெரும்பாலும் முதலில் குறைவது பருப்பு. அடுத்து முட்டை, காய்கறி, பழம். சோற்றின் அளவு மட்டும் குறைவதில்லை. நலமாக உள்ளவர் இதனைச் சில வாரங்கள் தாங்கிக்கொள்ளலாம். நீரிழிவு, காசநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் தேறிவருபவர்களுக்கும் இம்மாற்றம் நோயை மோசமாக்கக்கூடும்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வாழும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் தங்கள் ஊரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செலவைக் குறைக்கும் வழிகளை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியச் செய்திகள்

• செலவைக் குறைக்கலாம். பருப்பு, முட்டை, காய்கறி, மருந்து ஆகியவற்றின் அளவைக் குறைக்கக் கூடாது.
• விலை மலிவான உணவு எல்லா நோயாளிகளுக்கும் ஏற்றதாக இராது. உங்கள் நோய்க்கு எது பொருந்தும் என்பதை அறிந்து வாங்குங்கள்.
• சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சிக்கனத்திற்காக ஒருவேளை உணவைக்கூடத் தவிர்க்கலாகாது.

முதலில் நியாயவிலைக் கடை

உங்கள் குடும்ப அட்டைக்கு உரிய பொருள்களை மாதந்தோறும் தவறாமல் வாங்குங்கள். அரிசி பெறும் அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிச்சந்தை விலையுடன் ஒப்பிட்டால், மாத மளிகைச் செலவில் மிகப் பெரிய சேமிப்பு இங்குதான் உள்ளது.

எனினும் ஒரு கணக்கை மனத்தில் கொள்ளுங்கள். நால்வர் கொண்ட குடும்பம் ஒரு கிலோ பருப்பை 30 நாள்களுக்குப் பகிர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிராம் மட்டுமே கிடைக்கும். அது போதாது. எனவே அரிசியிலும் எண்ணெயிலும் மீதமாகும் பணத்தை வேறு பயறு வகைகளுக்கும் முட்டைக்கும் ஒதுக்குங்கள்.

புரதத்தின் விலையைக் கணக்கிடுங்கள்

நலமாக உள்ள, 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 கிராம் புரதம் தேவை. சில நோய்களில் இத்தேவை கூடும், சிலவற்றில் குறையும். ஒரு பொருள் மலிவானதா என்பதை அதன் கிலோ விலையைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. அதிலுள்ள புரதத்தின் அளவால் விலையை வகுத்துப் பாருங்கள். கீழ்க்காணும் விலைகள் கணக்கை விளக்குவதற்காகத் தரப்பட்டவை; உங்கள் ஊர் விலையைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம்.

• நியாயவிலைக் கடைத் துவரம்பருப்பு: கிலோவில் ஏறத்தாழ 220 கிராம் புரதம். விலை 30 ரூபாய் எனில், ஒரு கிராம் புரதம் 14 காசு.
• கொள்ளு: கிலோவில் ஏறத்தாழ 220 கிராம் புரதம். விலை 100 ரூபாய் எனில், 45 காசு.
• வெளிச்சந்தைத் துவரம்பருப்பு: விலை 150 ரூபாய் எனில், 68 காசு.
• முட்டை: ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். விலை 6 ரூபாய் எனில், 1 ரூபாய்.
• பால்: லிட்டரில் ஏறத்தாழ 32 கிராம் புரதம். விலை 40 ரூபாய் எனில், 1 ரூபாய் 25 காசு.
• சத்துபானப் பொடி: அரை கிலோவில் 50 கிராம் புரதம் இருந்து, விலை 300 ரூபாய் எனில், 6 ரூபாய்.

நோயாளிக்கு வலிமை தரும் என்று கருதி வாங்கப்படும் சத்துபானப் பொடிகள் பலவற்றில் மால்ட்டும் சர்க்கரையுமே மிகுதி. மருத்துவர் குறிப்பிட்டு எழுதித் தந்தாலன்றி அவற்றைத் தவிர்த்து, அப்பணத்தில் கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, நிலக்கடலை, முட்டை வாங்கலாம். கொள்ளுக் கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கும் அரிசிம்பருப்புச் சாதம் ஆகியவை கொங்குப் பகுதியில் வழிவழியாகச் சமைக்கப்படுபவை. தானியமும் பயறும் ஒரே வேளையில் சேரும்போது ஒன்றில் குறையும் புரதக்கூறுகளை மற்றொன்று ஈடுசெய்கிறது.

பால் வாங்கும்போது உறையில் எழுதியுள்ளதைப் படியுங்கள். சமன்படுத்திய பாலுக்கும் நிறைகொழுப்புப் பாலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு கொழுப்பில்தான். புரதத்தில் வேறுபாடு மிகச் சிறிது. பெரியவர்கள் பலருக்கும் விலை குறைந்த சமன்படுத்திய பாலே போதுமானது.

முட்டை: நாமக்கல்லின் நன்மை, ஓர் எச்சரிக்கை

நாமக்கல் மண்டலத்திற்கான முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. அது பண்ணைக் கொள்முதல் விலை. கடை விலை அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பலர் அசைவம் தவிர்க்கும் புரட்டாசி மாதத்தில் விலை பெரும்பாலும் இறங்கும். மருத்துவ ஆலோசனைப்படி முட்டை உண்ண வேண்டியவர்கள் அம்மாதத்திலும் நிறுத்தாமல் உண்பது நன்று. நோன்பு நோற்பவராயின், அந்நாள்களில் பயறு, பால், தயிர் ஆகியவற்றின் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பண்ணைப் பகுதிகளில் ஓடு கீறிய முட்டைகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. கீறல் வழியே நோய்க்கிருமிகள் உட்புகக்கூடும். முதியோர், கருவுற்ற பெண்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர் ஆகியோருக்கு அத்தகைய முட்டைகளைக் கொடுக்காதீர்கள். எந்த முட்டையாயினும் வெள்ளையும் மஞ்சளும் நன்கு இறுகும்வரை வேகவைத்தே உண்ண வேண்டும்.

காய்கறி, கீரை, பழம்

நாளொன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. செலவைக் குறைக்க மூன்று வழிகள் உள்ளன.

உழவர் சந்தைக்குச் செல்லுங்கள். 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் விவசாயிகள் இடைத்தரகரின்றி நேரடியாக விற்கின்றனர். அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். சேலத்தில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, அம்மாப்பேட்டை ஆகிய இடங்களிலும், ஆத்தூரிலும், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களிலும் உழவர் சந்தைகள் இயங்குகின்றன. பருப்பு, மிளகாய், புளி போன்றவற்றைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையின் மொத்தக் கடைகளில் அண்டை வீட்டாருடன் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

பருவத்திற்கு ஏற்ப வாங்குங்கள். முருங்கைக்காய் குளிர்காலத்தில் விலை ஏறும், கோடையில் மலியும். முருங்கைக்கீரையோ பெரும்பாலான தெருக்களில் கிடைக்கும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து, வைட்டமின் ஏ ஆகிய மூன்றையும் தரும். உணவுடன் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் அல்லது கொய்யாப்பழம் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். உணவுடன் காபி, தேநீர் அருந்தினால் அது தடைபடும்.

ஒரு காயைப் பிடிவாதமாக நாடாதீர்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைக் கடந்தது. அத்தகைய நேரத்தில் தக்காளியைச் சுவைக்கு மட்டும் சிறிதளவு சேர்த்து, பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய், முள்ளங்கி ஆகியவற்றைக் கூடுதலாகப் பயன்படுத்தலாம்.

மரவள்ளியும் ஜவ்வரிசியும்

சேலம், நாமக்கல் பகுதியில் மரவள்ளிக்கிழங்கு மிகுதியாக விளைகிறது. அதிலிருந்து ஜவ்வரிசி தயாராகிறது. எளிதில் செரிக்கும் என்பதால் காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்களுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பது வழக்கம். ஓரிரு நாள்களுக்கு அதில் தவறில்லை. ஆனால் ஜவ்வரிசி ஏறத்தாழ முழுவதும் மாவுச்சத்து. புரதம் மிக மிகக் குறைவு. மலிவு என்று நாள்தோறும் அதையே கொடுத்தால் நோயாளியின் தசை மெலியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரை விரைவாக உயரும்.

மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்கி, மிகுந்த நீரில் முழுவதும் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டே உண்ண வேண்டும். பச்சையாக உண்பது நஞ்சாகும்.

எண்ணெயும் உப்பும்

ஒருவருக்கு மாதம் சுமார் அரை லிட்டர் எண்ணெய் போதும். இதுவே பணத்தையும் இதயத்தையும் ஒருசேரக் காக்கும். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பதால், அதை மட்டுமே பயன்படுத்தாமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவற்றுடன் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பொரித்த எண்ணெயைச் சேமிப்பதாக எண்ணி மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள்.

காய் வாங்க இயலாத நாள்களில் ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றைத் தொட்டுக்கொண்டு உணவை முடிப்பது வழக்கமாகிவிடுகிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டிய உப்பு இதனால் எளிதில் கூடிவிடும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அவற்றுக்குப் பதிலாகப் பொட்டுக்கடலைத் துவையல், கொள்ளுத் துவையல் ஆகியவற்றை உப்புக் குறைத்து அரைத்துக்கொள்ளலாம்.

சமைக்கும் முறை

• பயறுகளை முந்தைய இரவே ஊறவையுங்கள். பிரஷர் குக்கரில் வேகவைத்தால் எரிவாயு மிச்சமாகும்.
• காய்களைக் கழுவிய பின் நறுக்குங்கள். குறைந்த நீரில், மூடி வேகவையுங்கள். வெந்த நீரைக் குழம்பில் சேருங்கள். (சிறுநீரக நோயாளிகளுக்கு இம்முறை பொருந்தாது, கீழே காண்க.)
• வீட்டில் அனைவருக்கும் ஒரே குழம்பு செய்து, உப்பும் எண்ணெயும் சேர்க்கும் முன் நோயாளிக்கு உரியதைத் தனியே எடுத்துவையுங்கள். இருமுறை சமைக்கும் செலவு குறையும்.
• பூஞ்சை பிடித்த நிலக்கடலையைத் தள்ளுபடி விலையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதிலுள்ள நச்சு வறுத்தாலும் முழுமையாக நீங்காது, கல்லீரலைப் பாதிக்கும்.
• மீந்த குழம்பைக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த நாளுக்குள் நன்கு கொதிக்கவைத்து உண்ணுங்கள்.

உங்கள் நோய்க்கு ஏற்ப

நீரிழிவு: காயைக் குறைத்துச் சோற்றைக் கூட்டாதீர்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பயறு அல்லது முட்டை, கால் பங்கு சோறு அல்லது களி இருக்கட்டும். ராகியும் கம்பும் நல்லவையே. ஆயினும் அவையும் சர்க்கரையை உயர்த்தும், எனவே அளவு வேண்டும். கூழைவிடக் களியும் அடையும் மெதுவாகச் செரிக்கும். நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று ஆகா.

சிறுநீரக நோய்: இப்பக்கத்தில் கூறிய பயறு, கீரை, தக்காளி, நிலக்கடலை ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. உங்களுக்கு உரிய அளவை மருத்துவரிடம் கேட்ட பின்னரே உண்ணுங்கள். காய்களைச் சிறிதாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம்; டயாலிசிஸ் தொடங்கிய பின் தேவை கூடும். பழைய அறிவுரையையே தொடராதீர்கள். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவதில் பொட்டாசியம் இருக்கக்கூடும், அதைத் தவிருங்கள்.

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின், அசினோகூமரால் உண்பவர்கள்: விலை மலிந்த வாரத்தில் திடீரெனக் கீரையைக் கூட்டுவதும், விலை ஏறியதும் அடியோடு நிறுத்துவதும் மருந்தின் செயலை மாற்றும். எல்லா வாரமும் ஏறத்தாழ ஒரே அளவு உண்ணுங்கள்.

காசநோய்: நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சைக் காலம் முழுவதும் ஊட்டச்சத்து உதவித்தொகை நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. மாதம் 500 ரூபாயாக இருந்த இத்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. இதனை முட்டை, பயறு, பால் ஆகியவற்றுக்கே செலவிடுங்கள். தொகை வரவில்லையெனில் நீங்கள் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

மருந்தைக் குறைத்து மளிகை வாங்காதீர்கள்

மாத்திரையைப் பாதியாக உடைத்தோ, ஒருநாள் விட்டு ஒருநாளோ உண்டு பணம் சேமிப்பவர்கள் உள்ளனர். இதனால் வரும் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றின் செலவு பன்மடங்கு. உயர் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவை வீட்டிற்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் அங்கன்வாடி மையத்தில் சத்துமாவு பெறலாம். மருத்துவமனையில் உடன் தங்குவோர் அம்மா உணவகத்தில் குறைந்த விலையில் உண்ணலாம். நோயாளிக்கு உதவ அவர்களுக்கும் வலிமை வேண்டும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• முயற்சியின்றி ஒரு மாதத்தில் 2 கிலோவுக்கு மேல் எடை குறைந்தால்.
• காலில் வீக்கம், மிகுந்த சோர்வு, ஆறாத புண் தோன்றினால்.
• உணவு வாங்க இயலாமையால் வேளைகள் தவறினால். இதனைச் சொல்லத் தயங்காதீர்கள். மருந்தின் அளவை மாற்ற மருத்துவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குத் திடீர் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஏற்பட்டால், உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடங்களில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். தெளிந்ததும் உணவு கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

உடல்நலம் சார்ந்த ஐயங்களுக்கு 104 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம். இப்பக்கம் பொதுவான தகவலுக்கானது. உங்கள் மருத்துவர் கூறிய உணவுமுறை இதிலிருந்து வேறுபட்டால், அவர் கூறியதையே பின்பற்றுங்கள்.