வைஃபை மெதுவா? உள்கடன் கேட்கும் முன் ஒரு நிமிஷம்!

எங்கள் குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் புதுக் கம்ப்யூட்டர் வாங்க உள்கடன் கேட்டார். மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு. விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்தி இணையத்தில் பதியணும். அதற்குக் கொடுப்பதோ சில நாள்தான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறக்கவே கால் மணி நேரம் ஆகுது. "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு" என்றார். கடன் கொடுக்கும் முன் நேரில் போய்ப் பார்த்தோம்.

முதலில் செல்போனை ரூட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து வைஃபையில் ஸ்பீடு டெஸ்ட் போட்டோம். பணம் கட்டிய வேகம் கிட்டத்தட்ட முழுசும் வந்தது. பிறகு அதே செல்போனைக் கம்ப்யூட்டர் மேசைக்குக் கொண்டு போனோம். வேகம் படுத்துவிட்டது. அப்போ கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை, அலை அங்கே போய்ச் சேரவில்லை என்று புரிந்தது. (ரூட்டர் பக்கத்திலேயே வேகம் இல்லை என்றால் இணைப்பு கொடுத்தவரிடம் புகார் சொல்லுங்கள்.)

ஏன் சேரவில்லை? வைஃபை ரேடியோ போல ஒரு அலை. சுவர் அதைக் குறைக்கும். இரும்பு அதைத் தடுக்கும். அந்த வீட்டில் ரூட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் தரையில் கிடந்தது. கம்ப்யூட்டரின் வைஃபை டாங்கிளோ மேசைக்கு அடியில், சி.பி.யு. பெட்டியின் பின்பக்கம், சுவரைப் பார்த்து இருந்தது.

நாங்கள் செய்தவை:

1. ரூட்டரை எடுத்துத் திறந்த அலமாரியில், தலை உயரத்தில் வைத்தோம். பீரோ, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் அடுப்பு பக்கத்தில் வைக்க வேணாம்.

2. டாங்கிளை யு.எஸ்.பி. நீட்டிப்பு ஒயரில் மாட்டி மேசை மேல் வைத்தோம்.

3. சில ரூட்டரில் 2.4, 5 என்று இரண்டு வைஃபை பெயர் காட்டும். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும். இரண்டையும் போட்டுப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

4. பாஸ்வேர்டை மாற்றினோம். தெருவில் பாதிப் பேர் போனில் அது இருந்தது!

வேகம் நன்றாகவே கூடியது. ஆனாலும் எல்லாவற்றையும் விட நல்லது லேன் ஒயர்தான். செல்போன் மாதிரி கம்ப்யூட்டர் இடம் மாறப் போவதில்லையே! ரூட்டரிலிருந்து ஒயர் இழுத்துச் சொருகிவிட்டால் சுவர், பீரோ எதுவும் தடையில்லை. 100 மீட்டர் வரை ஒரே ஒயர் இழுக்கலாம். எந்த வீட்டுக்கும் அது தாராளம். கடைசியில் அந்த வீட்டிலும் ஒயர்தான் இழுத்தோம்.

மகள் அன்று மாலையே கல்லூரிப் பட்டியலைப் பதிந்துவிட்டாள். உள்கடன் மனுவைத் தாயே திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தப் பணம் இன்னொரு உறுப்பினரின் கறவை மாட்டுக்குப் போனது.

உங்கள் குழுவிலும் இப்படி யாராவது கடன் கேட்டால், முதலில் ரூட்டர் எங்கே இருக்குன்னு கேளுங்கள்!