ஒழுங்குக்கு வந்துவிட்ட ஒழுங்கின்மை

தான் எழுதிய எட்யூடுகளை, அதாவது பியானோ பயிற்சி உருப்படிகளை, வாசிக்கும் கை லிகெட்டிக்கு இல்லை. ஹங்கேரிய இசையமைப்பாளரான அவர் பியானோ பழகத் தொடங்கியதே 14 வயதில். அந்த ஏக்கத்தையெல்லாம் தாளில் கொட்டித் தீர்த்தார் போலும்: 1985 முதல் 2001 வரை மூன்று தொகுதிகள், 18 எட்யூடுகள்.

முதலாவதன் பெயர் 'தேஸோர்த்ர்', அதாவது ஒழுங்கின்மை. வலக்கைக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும். இடக்கைக்குக் கறுப்பு மட்டும். எட்டு எண்ணிக்கையை மூன்றும் ஐந்துமாகப் பிரித்துக்கொண்டு, நொடிக்கு எட்டு ஸ்வரத்துக்கு மேல் இரண்டு கைகளும் பாய்கின்றன. இதுவரை நம் கச்சேரி ரசிகர் தொடையில் தாளம் போட்டுவிடுவார். ஆனால் வலக்கை அவ்வப்போது ஓர் எண்ணிக்கையை விழுங்கிவிடும். இடக்கை அதைக் கண்டுகொள்ளாது. சேர்ந்து விழுந்த அழுத்தங்கள் விலகத் தொடங்கி, விலகல் வளர்ந்துகொண்டே போகும். விரலைவிட மனத்துக்குத்தான் வேலை அதிகம்.

இந்தத் துணிச்சலுக்கு ஒரு மூலம் உண்டு. மெக்சிகோவில் வாழ்ந்த கான்லன் நன்காரோ, காகிதச் சுருளில் துளையிட்டுத் தானியங்கிப் பியானோவை மனிதக் கைக்கு எட்டாத வேகங்களில் பாடவைத்தவர். அவருடைய இசைத்தட்டுகளை லிகெட்டி 1980 வாக்கில் கேட்டார். மத்திய ஆப்பிரிக்கத் தாளப் பின்னல்களும் அதையொட்டியே அவர் காதுக்கு வந்தன. இயந்திரம் செய்ததை இரண்டு கை, பத்து விரலிடம் கேட்டார்.

அன்று அதைக் கொடுக்க முன்வந்த பியானோ கலைஞர்கள் சிலரே. ஃபோல்கர் பான்ஃபீல்ட் ஒருவர். பியேர்-லொரான் எமார் இன்னொருவர். 1990களில் வந்த எமாரின் ஒலிப்பதிவுதான் வெகுகாலம் அளவுகோலாக இருந்தது. இன்றோ சர்வதேசப் போட்டிகளில் லிகெட்டி எட்யூட் வழக்கமான உருப்படி. யூஜா வாங் 2018இல் பெர்லின் மேடையில் மூன்றை வாசித்தார். உரக்க என்பதற்கான 'எஃப்' குறி எட்டு வரை ஏறும் 'சைத்தானின் படிக்கட்டு'கூட மாணவர் கைக்கு வந்துவிட்டது.

விரல் ஒன்றும் நீளவில்லை. அன்று வாசித்தவருக்குத் தாள் மட்டுமே துணை. இன்றைய இளைஞர் பலர் இந்த எட்யூடுகளைக் கேட்டே வளர்ந்தவர்கள், அவற்றை வாசித்த ஆசிரியரிடமே கற்றவர்கள். ஆகவே சுத்தமாக வாசிக்கிறார்கள். அந்தச் சுத்தமே சில வேளை எனக்குக் குறையாகப் படுகிறது: கைகள் விலகும் இடத்தில் 'ஐயோ, தப்பிவிட்டதே' என்ற பதற்றம் வர வேண்டாமா?

எட்யூட் ஒன்று மட்டும் அன்றே எல்லை மீறியது. 1993இல் எழுதிய 'முடிவிலாத் தூண்' மனிதருக்கு ஆகாத வேகம் என்று தானியங்கிப் பியானோவுக்குப் போனது. மனிதருக்கென அதை மாற்றி எழுதியதுதான் 14ஆம் எட்யூட். மூலத்துக்கு 14ஏ என்று எண். விரும்பினால் மனிதரும் வாசிக்கலாம் என்று அதில் ஒரு குறிப்பு உண்டு. அதை நம்பி இப்போது சிலர் மூலத்தையே கையால் வாசிக்கப் பார்க்கிறார்கள். நான் தேடிக் கேட்பது இவர்களைத்தான்.