பழைய மோதிரம், புதிய கவலை

மகனின் நிச்சயதார்த்தத்திற்காக மும்பை ஜவேரி பஜாரில் மரகதம் பதித்த பழங்கால மோதிரம் ஒன்றை வாங்கினோம். ஐந்தாம் நாளே கல் ஆடத் தொடங்கியது. அதைத் தாங்கும் நான்கு கவ்விகளுள் ஒன்று முறிந்திருந்தது. விழாவுக்கோ ஒன்பதே நாள்கள். பசையிட்டு ஒட்டலாம் என்றனர் உறவினர். அருகிலுள்ள பட்டறையில் பற்றவைக்கலாம் என்றனர் நண்பர்கள். இரண்டையும் தவிர்த்தோம். பிறர் கைபட்டுவிட்டால், பழுது முன்பே இருந்தது என நிறுவுதல் அரிது.

மோதிரத்தைச் சிறு பெட்டியில் பத்திரப்படுத்தி, பழுதைப் படமெடுத்து, ரசீதின் நகலுடன் கடைக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். "பழம்பொருள் அப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். ரசீதில் அக்குறை குறிப்பிடப்படவில்லை என்று சுட்டிக்காட்டிய பின்னரே செலவை ஏற்றார்.

பொற்கொல்லர் கல்லைக் கழற்றிய பிறகே கவ்வியைப் பற்றவைத்தார். மரகதத்தில் நுண்விரிசல்கள் இயல்பு. அவற்றை மறைக்க எண்ணெய் ஊட்டுவதும் வழக்கம். வெப்பம் பட்டால் விரிசல் பெருகக்கூடும். மீயொலிக் கருவியில் கழுவினால் எண்ணெய் வெளியேறக்கூடும்.

கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் முறையிட வேண்டும். வாங்கும்போதே கல்லின் எடையையும் குறைகளையும் திருப்பித் தரும் நிபந்தனையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வங்கிப் பெட்டகத்தில் வைப்பது காப்பீடு ஆகாது. அதனைத் தனியே எடுத்தல் வேண்டும்.

புதுக் கவ்வி மட்டும் இன்றும் சற்றுப் பளிச்சிடுகிறது. அதன் கதையை மருமகளாக வரவிருந்த பெண்ணிடம் சொன்ன பிறகே மகன் மோதிரத்தை அணிவித்தான்.