வறண்ட ஆறும் பெருவெள்ளமும்

ஸ்பெயின் தேசத்து வலென்சியா நகரின் ஊடே தூரியா என்னும் ஆறு ஓடிற்று. கோடையில் அது மெலிந்து கிடக்கும். இலையுதிர்காலப் பெருமழையிலோ சீறியெழும். 1957 ஒக்டோபர் 14ஆம் நாள் நகருட் புகுந்து 80க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் நகருக்குத் தெற்கே புதிய கால்வாய் வெட்டி, ஆற்றைத் திருப்பினர். பழைய படுகையில் நெடுஞ்சாலை அமைக்க எண்ணியபோது மக்கள் எதிர்த்தனர். ஆதலால் இன்று அது பூங்காவாகப் பொலிகின்றது.

2024 ஒக்டோபர் 29ஆம் நாள் மீண்டும் பெருமழை. கால்வாய் நகரைக் காத்தது. அதற்கப்பால், பெரும்பாலும் வறண்டு கிடக்கும் போயோ என்னும் ஓடையோ பைப்போர்ட்டா முதலிய ஊர்களை மூழ்கடித்தது. அம்மாகாணத்தில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஓடை வறண்டிருக்கும்போதே அதன் கரையில் எங்கே குடியிருக்கலாகாது என்று தீர்மானித்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் அதற்கு அவகாசம் இராது.