குதிக்காத சக்கரமே ஜெயிக்கும்!



பள்ளிச் சுற்றுலா என்றால் பேருந்தின் கடைசி இருக்கைக்கு எப்போதும் போட்டிதான். வேகத்தடை வந்ததும் ஒரு சாண் உயரம் எம்பி, "ஓ...!" என்று கத்துவீர்கள். நீங்கள் எம்பினால் சிரிப்பு. பேருந்தின் சக்கரமும் உங்களைப் போல எம்பினால்?

ஆபத்து! சக்கரம் தரையை விட்டு எழும்பிய அந்த நொடியில் அதற்குப் பிடி கிடையாது. பிரேக் பிடித்தாலும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் அந்தச் சக்கரத்தால் உதவ முடியாது. காருக்கும் சாலைக்கும் உள்ள ஒரே உறவு டயர்தான். அதுவும் ஒரு கார் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கைப் பிடியைக் காக்கும் கருவியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

சுருள்வில்லும் எண்ணெயும்

வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா? நிறுத்தி வைத்திருக்கும்போது பின்சக்கரத்தின் பக்கம் குனிந்து பாருங்கள். பல வண்டிகளில் ஒரு குழாயும், அதைச் சுற்றிக் கம்பிச் சுருளும் தெரியும். ஷாக் அப்சார்பர் என்கிறோமே, அதுதான்! அதில் இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள்.

முதலாமவர் சுருள்வில். இரண்டு மடங்கு விசை கொடுத்தால் இரண்டு மடங்கு நீளும் அல்லது அமுங்கும் என்று ராபர்ட் ஹூக் 1678-ல் நூலாக வெளியிட்டார். வண்டியின் எடையைத் தாங்குபவர் இவரே. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அமுக்கினால் எம்புவார், எம்பியதும் மறுபடி அமுங்குவார். ஆட்டத்தை நிறுத்தவே தெரியாது!

அவரை அடக்குபவர் இரண்டாமவர். குழாய்க்குள் எண்ணெயும், துளைகள் உள்ள ஒரு பிஸ்டனும் இருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெய் அந்தச் சிறு துளைகளில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடும். ஆட்டம் அடங்கிவிடும். இதைத்தான் 'தடையுறு அலைவு' என்கிறோம்.

செய்து பாருங்கள்

மூன்று ரப்பர் பேண்டுகளைக் கோத்து, நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டுங்கள். மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு, கல்லைச் சற்று இழுத்து விடுங்கள். எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுங்கள். அடுத்து, கல் முழுவதும் வாளித் தண்ணீரில் மூழ்கும்படி பிடித்து அதேபோல் இழுத்து விடுங்கள். சட்டென்று அடங்கும்! கல்லோடு ஒரு தட்டையான டப்பா மூடியைப் படுக்கை வாக்கில் சேர்த்துக் கட்டினால் இன்னும் சீக்கிரம் அடங்கும். தடை கூடக் கூட, ஆட்டம் குறைகிறது. சரிதானே?

திருகினால் மாறும்

சில கார்களில் சுருள்வில் ஓரிடத்திலும் எண்ணெய்க் குழாய் வேறிடத்திலும் இருக்கும். குழாயின் மேலேயே சுருளை மாட்டிய அமைப்புக்குக் 'காயில் ஓவர்' என்று பெயர். பந்தயப் பிரியர்கள் வாங்கும் காயில் ஓவர்களில் பெரும்பாலும் ஒரு சிறு திருகு இருக்கும். திருப்பினால் 'டிக்... டிக்...' என்று படிப்படியாக நகரும். சிலவற்றில் 16 படிகள், சிலவற்றில் 30 படிகள். இறுக்கும் பக்கம் திருப்பினால் எண்ணெய் போகும் வழி குறுகும், தடை கூடும். தளர்த்தினால் வழி அகலும், தடை குறையும்.

ஒரே கார், இரண்டு சாலை

இந்தத் திருகு எதற்கு? அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் என்றொரு போட்டி பிரபலம். 1944-ல் தொடங்கப்பட்ட 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா' இதை 'சோலோ' என்ற பெயரில் நடத்துகிறது. பெரிய வாகன நிறுத்துமிடத்திலோ, விமானத் தளத்திலோ ரப்பர் கூம்புகளை வரிசையாக வைத்து, வளைந்து வளைந்து செல்லும் பாதை போடுவார்கள். கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாக ஓடிக் கடிகாரத்தோடுதான் போட்டி! ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் 2 விநாடி அபராதம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பலர் அன்றாடம் வேலைக்குப் போகும் அதே காரில்தான் வருகிறார்கள். காலையில் வீட்டுச் சாலை, பகலில் போட்டிப் பாதை, மாலையில் மறுபடி வீட்டுச் சாலை!

கூம்புகளுக்கிடையே கார் இடம், வலம் என்று மாறி மாறித் திரும்பும். திரும்பும்போதெல்லாம் எடை வெளிப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். தடை குறைவாக இருந்தால் கார் தொட்டில்போல ஆடி ஆடித் தாமதமாகத் திரும்பும். அதனால் சில படிகள் இறுக்குகிறார்கள். கார் ஓட்டுநரின் சொல்லை உடனே கேட்கும்.

"அப்படியானால் முழுவதும் இறுக்கிவிட்டால் இன்னும் நல்லதுதானே, சார்?" என்று கேட்பீர்கள். அங்கேதான் தவறு! மேடு பள்ளமான சாலையை நினைத்துப் பாருங்கள். ஒரு மேடு சக்கரத்தை மேலே தள்ளுகிறது. சுருள்வில் அதைத் திரும்பக் கீழே தள்ளப் பார்க்கிறது. ஆனால் எண்ணெய் எளிதில் வழி விடவில்லை. சக்கரம் தரைக்கு வந்து சேருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. டயர் சாலையைச் சரியாகத் தொடாமல் தத்தித் தத்திப் போகும். மழை நாளில், ஈரச் சாலையில் பிரேக் போட்டால் கேட்கவே வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு!

எப்படிச் சரி செய்கிறார்கள்?

முதலில் நன்றாகத் தளர்த்திவிட்டு, தெரிந்த சாலை ஒன்றில் நிதானமாக ஓட்டிப் பார்க்கிறார்கள். கார் மிதப்பதுபோல் இருந்தால் ஒன்றிரண்டு படிகள் இறுக்குகிறார்கள். அதே சாலையில் மறுபடி ஓட்டம். மிதப்பு நின்றதும் அங்கேயே நிறுத்துகிறார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே! நான்கையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். "சாலைக்கு இத்தனை படி, போட்டிக்கு இத்தனை படி" என்று இரண்டு கணக்கு அதில் இருக்கும்.

போட்டி முடிந்ததும் மறக்கக் கூடாத வேலை ஒன்று உண்டு. குறிப்பேட்டைப் பார்த்து, திருகைச் சாலைக் கணக்குக்குத் திருப்பி வைத்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். கோப்பையோடு கிளம்பியவர் பத்திரமாக வீடு சேர வேண்டாமா?

ஒரு எச்சரிக்கை, செல்லங்களே! சில மோட்டார் சைக்கிள்களில் சுருளின் ஓரத்தில் படிகள் வெட்டிய வளையம் இருக்கும். அது சுருள்வில்லின் ஆரம்ப அழுத்தத்தை மாற்றுவது. எண்ணெயின் தடையை அல்ல. அதை நீங்கள் தொட வேண்டாம். மெக்கானிக் மாமா வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழாயில் எண்ணெய் கசிந்திருந்தால் மட்டும் உடனே அப்பாவிடம் சொல்லுங்கள். எண்ணெய் போனால் ஆட்டத்தை அடக்க ஆளில்லை!

அடுத்த முறை பேருந்தில் எம்பும்போது, உங்கள் காலடியில் உழைக்கும் அந்த எண்ணெய்க் குழாயையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வீர்கள்தானே?