செவ்வாயில் முதலில் எடுத்தது காற்றைத்தான்

2008 ஜூன் மாதம். செவ்வாயின் வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் இறங்கியிருந்த நாசாவின் ஃபீனிக்ஸ் விண்கலம், தன் இயந்திரக் கையால் ஒரு சின்னக் குழி பறித்தது. ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழம் இருக்கும். குழியின் ஓரத்தில் பகடைக்காய் அளவில் சில வெள்ளைக் கட்டிகள் கிடந்தன. நான்கு நாள் கழித்து எடுத்த படத்தில் அவற்றைக் காணோம். உப்பாக இருந்தால் அங்கேயே கிடந்திருக்கும். பனிக்கட்டி என்பதால் உருகி நீராகாமல் நேரே ஆவியாகிப் போய்விட்டது.

தண்ணீர் இருக்கிறது என்பது உறுதியானது. அதை அள்ளுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. சோதனை உலையின் வாயில் கொட்டிய மண் கட்டிதட்டிப்போய், சல்லடையில் இறங்காமல் நாள்கணக்கில் நின்றது. பனி கலந்த மண்ணோ கரண்டியில் ஒட்டிக்கொண்டு, கவிழ்த்தாலும் விழ மறுத்தது. போதாக்குறைக்கு அந்த மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதும் தெரியவந்தது. தைராய்டு சுரப்பியைப் பாதிக்கும் பொருள் அது. அங்கே நீர் எடுத்தாலும் அந்த உப்பை நீக்கிய பிறகுதான் வாயில் வைக்க முடியும்.

வேற்றுக் கோளில் சுரங்கம் என்றால் தங்கமும் பிளாட்டினமும் கப்பல் கப்பலாக வந்திறங்கும் கனவு பலருக்கும் இருக்கிறது. அந்தக் கரண்டியில் ஒட்டிய மண்ணைப் பார்த்த பிறகாவது அந்தக் கனவைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

பத்தாண்டு கழித்து, 2018 நவம்பரில், இன்சைட் கலம் செவ்வாயில் இறங்கியது. அதில் ஜெர்மானியர்கள் செய்த 'மோல்' என்ற கருவி இருந்தது. சுமார் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள தடித்த ஆணி போன்றது. உள்ளேயே ஒரு சுத்தியல். அது தன்னைத்தானே அடித்துக்கொண்டு 5 மீட்டர் ஆழம் வரை இறங்கி, கோளின் உள்வெப்பத்தை அளக்க வேண்டும் என்பது திட்டம். சுவரில் ஆணி அடிக்கிறவருக்குத் தெரியும், பக்கவாட்டுப் பிடிப்பு இல்லாவிட்டால் ஆணி ஆடுமே தவிர இறங்காது. அதுதான் அங்கேயும் நடந்தது. மண் சுற்றிலும் சரிந்து மோலைப் பிடித்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதுவோ கட்டியாக இறுகி நின்றது. மோலைச் சுற்றிப் பள்ளம்தான் விழுந்தது. கலத்தின் கையால் பக்கத்தில் அழுத்திப் பார்த்தார்கள், மேலிருந்து அழுத்திப் பார்த்தார்கள். 2019 அக்டோபரில் அது பாதி வெளியே வந்தேவிட்டது. 2021 ஜனவரியில் கடைசியாக 500 முறை சுத்தியலால் அடிக்க விட்டார்கள். பயனில்லை என்று தெரிந்ததும் முயற்சியைக் கைவிட்டார்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுப் போராட்டத்தின் முடிவில் மோலின் தலை மேற்பரப்புக்குச் சற்றே கீழே நின்றது.

இத்தகைய கருவிகளை அனுப்புவதற்கு முன் பூமியில் போலி மண்ணில் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். நிலவில் இறங்கும் சந்திரயான் கலங்களுக்காக இஸ்ரோவும் அப்படிச் செய்தது. அதற்கான கல் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியிலிருந்து போனது; நிலவின் மேட்டுநிலத்தில் உள்ள அனார்த்தோசைட் வகைப் பாறை அங்கே கிடைக்கிறது. எவ்வளவு பொருத்தமான மண்ணில் சோதித்தாலும், இறங்கும் இடத்து மண் எப்படி இருக்கும் என்பது இறங்கிய பிறகே தெரியும் என்பதை மோல் காட்டிவிட்டது.

தோண்டத் தேவையில்லாத ஒரு மூலப்பொருள் செவ்வாயில் இருக்கிறது: காற்று. அதன் அடர்த்தி மிகக் குறைவு, அழுத்தம் பூமியினுடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதில் சுமார் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. 2021 பிப்ரவரியில் ஜெசீரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் வயிற்றுக்குள் இருந்த மாக்சி என்ற கருவி, அந்தக் காற்றை உறிஞ்சி வடிகட்டி, அழுத்தி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, மின்சாரத்தால் பிரித்தது. ஒருபுறம் ஆக்சிஜன், மறுபுறம் கார்பன் மோனாக்சைடு. ஏப்ரல் 20 அன்று முதன்முதலாக 5.37 கிராம் ஆக்சிஜன் வந்தது. ஒரு விண்வெளி வீரர் பத்து நிமிடம் மூச்சுவிடப் போதுமான அளவு. வேறொரு கோளின் பொருளை அந்தக் கோளிலேயே மனிதருக்கு உதவும் பொருளாக மாற்றியது அதுவே முதல்முறை.

மூச்சுவிடுவதற்காக மட்டும் இந்தப் பாடு படவில்லை. நான்கு பேர் செவ்வாயில் ஓராண்டு தங்கினால் மூச்சுக்கு ஒரு டன் ஆக்சிஜன் போதும். அவர்களைத் தரையிலிருந்து கிளப்பும் ராக்கெட்டுக்கோ எரிபொருள் 7 டன் என்றால், அதை எரிக்க ஆக்சிஜன் சுமார் 25 டன் வேண்டும். திரும்பி வருவதற்கான இந்தச் சுமையை இங்கிருந்தே கட்டிக்கொண்டு போவதைவிட அங்கேயே தயாரிப்பது மேல் என்பதே கணக்கு. மாக்சியின் உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். அந்த வேகத்தில் 25 டன் சேர 230 ஆண்டுக்கு மேல் ஆகும். மணிக்கு இரண்டு கிலோ எடுக்கும் ஆலை அமைந்தால் ஒன்றரை ஆண்டில் முடியும். அதற்கு மின்சாரம் வேண்டும், எடுத்ததைக் குளிரவைத்துத் திரவமாக்கிச் சேமிக்கவும் வேண்டும்.

2023 ஆகஸ்டில் தன் 16-ஆவது ஓட்டத்தோடு மாக்சி பணியை முடித்தபோது மொத்த விளைச்சல் 122 கிராம். அடுத்த மாதமே பென்னு சிறுகோளின் மண்ணோடு ஒரு பெட்டகம் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் வந்திறங்கியது. அதில் இருந்தது 121.6 கிராம். ஏழாண்டுப் பயணம், நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. அறிவியலுக்கு அது விலைமதிப்பில்லாத மண்தான். ஆனால் சரக்காக வாங்கி விற்க நினைப்பவர் ஒரு கைப்பிடிக்கு என்ன செலவாகிறது என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். எடுத்த இடத்திலேயே பயன்படுத்துவதுதான் இன்றைக்குக் கைக்கெட்டும் வழி.

எடுத்தது யாருக்குச் சொந்தம் என்பதிலும் தெளிவில்லை. 1967-ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் வேற்றுக் கோளுக்கு உரிமை கொண்டாட முடியாது. தோண்டி எடுத்த பொருள் எடுத்தவருக்கே என்று அமெரிக்கா 2015-இலும் லக்சம்பர்க் 2017-இலும் தாங்களாகவே சட்டம் போட்டுக்கொண்டன. எல்லா நாடுகளும் கூடிப் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. ஆலைகள் நிற்கும் முன்பே முடித்தாக வேண்டும்.

மாக்சி எடுத்த ஆக்சிஜனுக்கு இந்த வழக்கெல்லாம் வரவில்லை. சேர்த்து வைக்க அதில் தொட்டி கிடையாது. ஒவ்வொரு முறையும் அளவும் தூய்மையும் பார்த்தபின், செவ்வாயின் காற்றிலேயே அது திரும்ப விடப்பட்டது.