தொழிற்களத்திற் பிணைந்த இடர்கள்

தொழிற்களங்களில் நேரும் விபத்துக்களுக்கு ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு, ஓர் உறுப்பின் பழுது எனத் தனித்தனிக் காரணங் கூறி அமைதல் பெருவழக்கு. ஆயின், பேரழிவுகளை ஆராயுமிடத்துச் சிறு குறைகள் பல ஒன்றோடொன்று பிணைந்தே அவற்றை விளைவித்தமை புலனாகும். ஆகவே, பாதுகாப்புப் பற்றித் தீர்மானிப்போர் இடர்களை மட்டுமன்றி, அவற்றிடையுள்ள தொடர்பையும் ஆராய்தல் வேண்டும்.

இதற்குத் தக்க சான்று பைப்பர் அல்பா என்னும் எண்ணெய் மேடையின் அழிவாகும். ஸ்கொத்லாந்தின் அபடீன் நகருக்கு வடகிழக்கே, வடகடலில், ஏறத்தாழ 120 மைல் தூரத்தில் நின்ற அம்மேடை 1988 ஆம் ஆண்டு யூலை 6 ஆந் திகதி இரவு வெடித்து எரிந்தது; 167 பேர் மாண்டனர்.

அம்மேடையில் ஒடுங்கிய வாயுத் திரவத்தைச் செலுத்த இரு பம்பிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றன் காப்பு வால்வு அன்று பகல் கழற்றப்பட்டு, அவ்விடத்தில் மூடுதகடு பொருத்தப்பட்டது. பம்பியின் திருத்தவேலைக்கு ஓர் அனுமதிப்பத்திரம்; வால்வு வேலைக்கு வேறொன்று. இரண்டையும் இணைக்குங் குறிப்பு இருக்கவில்லை. இரவில் மற்றப் பம்பி நின்றபோது, வால்வு இல்லாமையை அறியாத பணியாளர் முதற் பம்பியை இயக்க முற்பட்டனர். தகட்டின் வழியே கசிந்த வாயு தீப்பற்றி வெடித்தது.

கேடு அத்துடன் நின்றதில்லை. ஆங்கிருந்த தீச்சுவர்கள் எண்ணெய்த் தீயைத் தடுக்க அமைந்தவையேயன்றி வெடிப்பைத் தாங்குவன அல்ல. கடல்நீரை இறைக்குந் தீயணைப்புப் பம்பிகளோ, சுழியோடிகள் அவற்றால் உள்ளிழுக்கப்படாதவாறு, தாமாக இயங்கா நிலையில் வைக்கப்பட்டிருந்தன. ஓரிடரைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடே மற்றோரிடருக்கு வழிதிறந்தது. குழாய்களால் இணைக்கப்பட்டிருந்த தாட்டன், கிளேமோர் என்னும் அயல் மேடைகளுந் தம் செலுத்துகையை உடனே நிறுத்தவில்லை.

இத்தகைய பிணைப்பை முன்னறிதற்குரிய முறைகளுள் ஒன்று வழுமர ஆய்வு. இது 1962 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஏவுகணைக் கட்டுப்பாட்டின் பொருட்டு உருவாயிற்று. அஞ்சத்தக்க விளைவை உச்சியில் வைத்து, அதற்கு எவையெவை ஒருங்கே நேரவேண்டும், எவற்றுள் ஒன்று நேரினும் போதும் எனக் கீழ்நோக்கிக் கிளைகளாகப் பகுப்பதே அம்முறை.

இதன் பயன் ஒரு கணக்கால் விளங்கும். இரு பம்பிகளுள் ஒவ்வொன்றும் 100 தடவைக்கு 1 தடவை இயங்காதெனக் கொள்வோம். அவை ஒன்றையொன்று சாராதனவாயின், இரண்டும் ஒருங்கே தவறும் நிகழ்தகவு 10,000 இல் 1 ஆகும். ஆனால், இரண்டையும் முடக்கவல்ல பொதுக்காரணம் 1,000 இல் 1 தடவை நேருமாயின், அந்நிகழ்தகவு பத்து மடங்கிற்கும் மேலாகிவிடும். மூன்றாவது பம்பியொன்றைச் சேர்ப்பினும், அதுவும் அக்காரணத்துக்கு உட்படுமாயின் பயனில்லை. பொதுக்காரணத்தை அகற்றுவதே தக்க தீர்மானமாகும்.

கல்லென் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990 இல் 106 விதப்புரைகளுடன் வெளிவந்தது. ஒவ்வொரு மேடையையும் நடத்துவோர், அதன் இடர்கள் முழுவதையும் ஆராய்ந்து கட்டுப்படுத்தியுள்ளமையை எழுத்தில் நிறுவவேண்டுமென்பது அதன் தலையாய கருத்து. அது 1992 இல் பிரித்தானியச் சட்டவிதியாயிற்று.

அன்றிரவு பணியாளர் செய்த தீர்மானம், அவர் அறிந்த அளவில், நேரியதே. அவர் அறியவேண்டியதொன்று வேறோர் அறையிலிருந்த பத்திரத்தில் அடங்கிக் கிடந்தது. அறியவேண்டியதை அறியவேண்டியவரிடஞ் சேர்ப்பிப்பதும் பாதுகாப்பின் பாற்பட்டதே.